பழவேற்காட்டின் திறந்த வாயில்: ஆவணமும் ஆய்வும் பொதுவாமாறு

1. முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது சான்று. அச்சான்று எங்கே உளது, அதனைக் காண்டற்கு உரியார் யாவர், கண்டார்க்கு அது விளங்குமோ என்னும் வினாக்கள் அடுத்து எழுவன. இவ்வினாக்களை ஆய்வுக்குப் புறம்பான நடைமுறைத் தொல்லைகள் எனக் கருதி ஒதுக்குதல் நம் வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஆயினும் ஒரு நாட்டின் வரலாறு யாரால், எந்நோக்கில், எவ்வளவு நிறைவாக எழுதப்படும் என்பதை உறுதி செய்வன பெரும்பாலும் இவையே என்பது எம் கருத்து.

'ஆய்வு வளங்கள் உலகில் உள்ளார் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும்' என்னும் கொள்கை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவம் பெற்றது. 2002-ஆம் ஆண்டில் புடாபெசுட்டு நகரிலிருந்து வெளிவந்த அறிக்கை அதற்கு ஒரு பெயரும் வரையறையும் தந்தது. 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் யுனெசுகோப் பேரவை திறந்த அறிவியல் பற்றிய பரிந்துரை ஒன்றனை ஏற்றுக்கொண்டது. கொள்கை நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் 'திறந்திருத்தல்' என்பது யாது? கதவு திறந்திருப்பினும், வாயிலை அடைய வழியில்லாதார்க்கும், உள்ளே பேசப்படும் மொழி அறியாதார்க்கும் அதனால் பயன் என்னை? இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதினும், ஓர் இடத்தை அளவுகோலாகக் கொண்டு ஆராய்தல் தெளிவு பயக்கும். அவ்விடமாக யாம் கொண்டது திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சார்ந்த பழவேற்காடும் அதன் ஏரிக்கரைக் குப்பங்களும் ஆகும்.

2. ஊரும் ஏரியும்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே கடற்கரையை ஒட்டியுள்ளது. அதன் ஏரி, ஒரிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் கலக்குமிடம் அது. ஏரியின் பெரும்பகுதி இன்று ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. கடலையும் ஏரியையும் பிரித்து நிற்கும் மணல்திட்டே ஸ்ரீஹரிக்கோட்டை. 1971 முதல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவுகலங்கள் அங்கிருந்து எழுந்து வருகின்றன.

போர்த்துகீசியர் இவ்வூரைப் 'பலியகாத்' என்றனர். இங்கு நெய்து மலாய் நாட்டிற்கு ஏற்றுமதியான துணி, ஊர்ப்பெயராலேயே அங்கு 'கைன் பெலிக்காட்' என வழங்கலாயிற்று. ஊரின் பெயர் ஆடையின் பெயராகக் கடல் கடந்து நிலைத்தமை, அக்காலத்து அதன் வாணிகப் பெருமைக்குப் போதிய சான்றாகும். 1610-இல் ஒல்லாந்தர் விசயநகர மன்னர் வேங்கடபதியிடம் இசைவு பெற்று இவ்வூரில் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் போர்த்துகீசியர் அதனை அழித்தனர். 1613-இல் ஒல்லாந்தர் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-இல் நாகப்பட்டினத்திற்குத் தலைமை மாறும் வரையில், சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமையிடம் பழவேற்காடே. பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் ஒல்லாந்தர் கைக்கும் மாறி மாறிச் சென்ற இவ்வூர், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் விளைவாக 1825-இல் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று அழிபாடாய்க் கிடக்கின்றது. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

3. பதுமநாபனும் 'திறந்த வாயிலும்'

பழவேற்காட்டிற்கும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் உள்ள தொடர்பு, ஒரு நூலின் பெயரிலேயே பொறிக்கப்பட்டுள்ளமை வியப்பிற்குரியது. ஆபிரகாம் ரோகெரியுசு என்னும் ஒல்லாந்தச் சமய குரு 1632 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் பழவேற்காட்டில் பணியாற்றினார். அக்காலத்தில் பதுமநாபன் என்னும் அந்தணரோடு அவர்க்குப் பழக்கம் ஏற்பட்டது. இருவரும் போர்த்துகீசிய மொழியில் உரையாடினர். அந்தணரின் ஒழுகலாறு, வழிபாடு, நம்பிக்கை ஆகியன பற்றிப் பதுமநாபன் கூறியவற்றை ரோகெரியுசு எழுதிக்கொண்டார். பர்த்துருஹரியின் நீதி, வைராக்கிய சதகங்களையும் பதுமநாபன் விளக்கிக் கூற, அவை ஒல்லாந்த மொழியில் உருப்பெற்றன. ரோகெரியுசு 1649-இல் மறைந்தார். அவர் நூல் 1651-இல் லெய்டன் நகரில் அச்சேறிற்று. 'மறைந்து கிடந்த புறச்சமயத்திற்குத் திறந்த வாயில்' என்பது அதன் பெயரின் பொருள். 1663-இல் செருமானியத்திலும் 1670-இல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது.

இந்நூலை ஐரோப்பியர் எழுதிய இந்திய சமயவியல் நூல்களுள் தொன்மையான ஒன்றாக அறிஞர் போற்றுவர். அப்போற்றுதல் தகும். ஆனால் வாயில் எப்புறம் நோக்கித் திறந்தது என்று நாம் கேட்டல் வேண்டும். பழவேற்காட்டில் வாய்மொழியாகத் தரப்பட்ட அறிவு, லெய்டனிலும் நூரம்பெர்க்கிலும் ஆம்சுடர்டாமிலும் கற்றோர் கைக்கு எட்டியது. அது பிறந்த ஊரில் இருந்தார்க்கோ, நூல் அச்சேறிய செய்தியும் எட்டியிருத்தல் அரிது. திறப்பு நிகழ்ந்தது, ஆனால் அது ஒருவழித் திறப்பாக அமைந்தது.

இதனால் ரோகெரியுசைப் பழித்தல் எம் நோக்கமன்று. தமக்குச் செய்தி தந்தாரின் பெயரை மறையாது குறித்தமை அவர்தம் நேர்மையைக் காட்டும். இதே நூற்றாண்டில் கொச்சியில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் ரீடு, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஓர்த்துசு மலபாரிக்குசு' என்னும் நூலில், ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனின் சான்றுரையை அவர் பெயரோடு பதிப்பித்தார். ஆயினும் இலத்தீனில் அமைந்த அந்நூல், முந்நூறு ஆண்டுகளின் பின்னரே, அறிஞர் கா. சு. மணிலால் அவர்களின் நெடுநாள் உழைப்பால் 2003-இல் ஆங்கிலத்திலும், பின்னர் மலையாளத்திலும் முழுமையாக வெளிவந்தது. பெயர் குறித்தல் வேறு, பயன் திரும்பி வருதல் வேறு என்பது இவ்விரு நூல்களாலும் போதரும்.

4. கோட்டையிற் பிறந்த ஏடுகள்

கெல்திரியாக் கோட்டையில் கும்பினியின் எழுத்தர் எழுதிய மடல்களும் கணக்குகளும் தீர்மானங்களும் மிகப் பல. அவற்றின் படிகள் பத்தேவியாவிற்கும், அங்கிருந்து நெதர்லாந்திற்கும் கப்பலேறின. கும்பினி 1799-இன் இறுதியில் கலைந்த பின்னர் அவ்வேடுகள் அந்நாட்டரசின் உடைமையாகி, இன்று தி ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நிலையடுக்கில் அவற்றின் நீளம் ஒரு கிலோமீட்டரினும் மிகும். சகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன் ஆகிய நகரங்களிலும் கும்பினியின் ஏடுகள் காக்கப்படுகின்றன. இவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 2½ கோடிப் பக்கங்கள் என மதிப்பிடுவர். 2003-இல் யுனெசுகோ இத்தொகுதியை 'உலக நினைவு'ப் பதிவேட்டில் சேர்த்தது.

ஈண்டு ஒரு தவற்றைக் களைதல் நன்று. 'நம் ஆவணங்களை எல்லாம் அயலார் வாரிச் சென்றனர்' என்று கூறுவாருளர். பழவேற்காட்டைப் பொறுத்தவரை உண்மை வேறு. எழுதினாரும் அயலாரே; எழுதியதும் தம் வாணிகத்திற்காகவே. எழும்பூரில் 1909 முதல் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்திலுள்ள ஒல்லாந்த ஏடுகளுள் பெரும்பகுதி கொச்சியைப் பற்றியன. படியெடுத்து அனுப்பும் வழக்கம் இல்லாதிருந்தால் பழவேற்காட்டு மடல்களுட் பல இன்று எங்கும் எஞ்சியிரா. எனவே குறை, ஏடுகள் தி ஹேக்கில் இருத்தலில் இல்லை. அவ்வேடுகளில் யார் பேசப்படுகின்றனரோ அவர்தம் வழியினர்க்கு அவை எட்டாதிருத்தலே குறை.

எட்டாமை எத்துணைப் பெரிய இழப்பு என்பதனை ஒன்றால் உணர்த்துவாம். நெசவாளர்க்குத் தரப்பட்ட முன்பணம், சாயவேர் கொண்ட விலை, பஞ்ச காலத்து நெல்விலை, அடிமைகளாக விற்கப்பட்டுப் பத்தேவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டார் தொகை ஆகிய செய்திகளுக்குக் கும்பினி ஏடுகளே தலையாய சான்று. கோயிற் கல்வெட்டுகள் கொடையாளரைப் பேசும். இலக்கியம் தலைவரைப் பேசும். கடன்பட்ட நெசவாளனையும் விற்கப்பட்ட சிறுவனையும் எண்ணாகவேனும் குறித்தன இவ்வேடுகள். அவை அடைபட்டிருப்பின், அடைபடுவது அம்மக்களின் வரலாறே.

இவ்வாயிலை நெடுங்காலம் தட்டியவர் சிலரே. தபன் ராய்சௌதுரி ஒல்லாந்த மொழி கற்று, அந்நாட்டு ஏடுகளை ஆராய்ந்து, 1605 முதல் 1690 வரையுள்ள சோழமண்டல வாணிகத்தைப் பற்றி 1962-இல் நூல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம், ஒல்லாந்த ஏடுகளையும் ஆங்கில ஏடுகளையும் ஒப்பிட்டு எழுதிய சோழமண்டலக் கரை வணிகர் பற்றிய பெருநூல் 1986-இல் வெளிவந்தது. சஞ்சய் சுப்பிரமணியம் அவர்களின் தென்னிந்திய வாணிகம் பற்றிய நூல் 1990-இல் வந்தது. இவர்தம் ஆற்றல் போற்றற்குரியது. ஆயினும் கப்பற் கூலி அல்லது வானூர்திக் கூலி, அயல்நாட்டில் தங்கும் செலவு, பழைய ஒல்லாந்தக் கையெழுத்தில் பயிற்சி ஆகிய மூன்றும் வாய்க்கப் பெறாத நூற்றுக்கணக்கான மாணவர், இத்துறையின் வாயிலிலேயே நின்றனர் என்பதையும் மறத்தலாகாது. பழவேற்காட்டு வரலாறு ஒரு சிலரால் மட்டும் எழுதப்பட்டமைக்கு ஆர்வமின்மை காரணமன்று, செலவே காரணம்.

இந்நூற்றாண்டில் நிலை பெரிதும் மாறியது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் 'தானாப்' என்னும் திட்டத்தின் வழி ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு இளைஞர்க்குப் பழைய ஒல்லாந்தமும் கையெழுத்துப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. பின்னர் தி ஹேக் ஏடுகள் ஒளிப்படிகளாக்கப்பட்டு இணையத்தில் இடம்பெற்றன. 'குளோபலைசு' என்னும் திட்டத்தார், ஆசியாவிலிருந்து நெதர்லாந்து சேர்ந்த மடல்களுள் ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்களைக் கணினியைக் கொண்டு படித்து எழுத்துருவாக்கிக் கட்டணமின்றி வெளியிட்டுள்ளனர். 'பலியகாத்தா' என்னும் சொல்லைத் தேடுவார்க்குக் கெல்திரியாவின் மடல்கள் பொன்னேரியில் இருந்தபடியே கண்முன் தோன்றும். பன்னெடுங்காலம் அடைந்திருந்த கதவு திறந்தது என்றே கூறலாம்.

எனினும் உள்ளே இருப்பது 17-ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தம். கணினி படித்த பாடத்தில் பிழைகளும் உண்டு; தமிழ்ப்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் பல்வேறு வடிவில் திரிந்து கிடக்கின்றன. அத்திரிபுகளை இனங்காண வல்லார் ஒல்லாந்தம் அறிந்தார் அல்லர், தமிழும் தெலுங்கும் அறிந்தாரே. அவர்க்கோ ஒல்லாந்தம் தெரியாது. ஆகவே கிடைத்தல் ஒன்று, விளங்குதல் ஒன்று என இரு படிகள் உள்ளமை தெளிவு. முதற்படியை அயல்நாட்டார் நமக்காகக் கட்டித் தந்துள்ளனர். இரண்டாவது படி நாமே கட்ட வேண்டியதாகும்.

5. ஏரியைப் பற்றிய இக்கால அறிவு

பழஞ்சுவடிகளின் நிலை இதுவாக, ஏரியின் நீரும் மீனும் பற்றிய அறிவியல் ஆய்வுகளின் நிலையைக் காண்பாம். 1953-இல் பி. ஐ. சாக்கோ முதலியோர், ஏரியின் செடிகொடி, உயிரினம், மீன்வளம் ஆகியன பற்றிய அளவாய்வு ஒன்றனை வெளியிட்டனர். அதன் பின்னர் இறால், மடவை, உவர்ப்பளவு, முகத்துவாரம் அடைபடுதல் ஆகியன பற்றிப் பல கட்டுரைகள் வந்துள்ளன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் வெளியீடுகளை இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றி வைத்துள்ளது. இஃது இந்திய நிறுவனங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஆனால் ஏரியைப் பற்றிய ஆய்வு எல்லாம் இவ்வாறு கிடைப்பதில்லை. மேலை நாட்டு வெளியீட்டகங்களின் இதழ்களில் வந்தவற்றுட் பல சந்தாவின் உள்ளே அடைபட்டன. 1897-இல் அலெக்சாண்டர் ரீ வெளியிட்ட ஒல்லாந்தர் நினைவுச்சின்ன நூல் உரிமைக்காலம் கழிந்தமையால் இன்று எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கும். இன்றைய மீனவர் வாழ்வைப் பற்றிய கட்டுரையோ விலை கொடுத்தாலன்றிக் கிடைக்காது. இறந்தாரின் கல்லறை பற்றிய அறிவு திறந்தும், இருப்பாரின் வாழ்வு பற்றிய அறிவு அடைத்தும் இருத்தல் முறைகேடன்றோ?

இக்குறையைப் போக்க எடுத்த முயற்சிகள் இரு வகைப்படும். ஒன்று, படிப்பாரிடம் வாங்கும் கட்டணத்தை நீக்கி எழுதுவாரிடம் வாங்குதல். இதனால் படிப்பார்க்கு வாயில் திறக்கும். பொருள் வளமற்ற கல்லூரியிலிருந்து எழுதுவார்க்கு வாயில் அடைபடும். சுமை ஒரு தோளினின்று மறு தோளுக்கு மாறிற்றே யன்றிக் குறைந்ததில்லை. மற்றொன்று, அரசே மொத்தமாகச் சந்தா செலுத்துதல். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் இந்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்தை ஏற்று, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. 30 வெளியீட்டகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசு சார்ந்த கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு 2025 முதல் கிடைக்கும் என்பது அத்திட்டம். பொன்னேரியிலுள்ள அரசுக் கல்லூரி மாணவர்க்கும் நாட்டின் பெருநிறுவனத்து மாணவர்க்கும் ஒரே நூலகம் என்பது பெருஞ்செயலே. ஆயினும் அரசு சாராக் கல்லூரியாரும், நிறுவனம் எதனையும் சாராது ஆராய்வாரும், ஊர்மக்களும் அத்தொடக்க வட்டத்தின் புறத்தே உள்ளனர். மேலும் சந்தா செலுத்துதல் வாயிற்காவலனுக்குக் கூலி கொடுத்து உள்ளே புகுவதை ஒக்கும். அதனால் வாயில் திறந்ததாகாது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு ஏரியின் கீழ்க்கரையிலேயே உண்டு. அமெரிக்க நாடு 2008-இல் தன் லேண்டுசாட்டுச் செயற்கைக்கோட் படங்களை விலையின்றி வழங்கத் தொடங்கியது. முன்னர் விலைக்கு விற்ற காலத்தினும் பன்மடங்கு மிகுதியாக அவை ஆய்வாளர்க்குப் பயன்பட்டன. இந்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கை, 5 மீட்டரும் அதனினும் பருமையும் ஆன தெளிவுடைய தொலையுணர்வுத் தரவுகளைத் திறந்து வழங்குமாறு கூறுகின்றது. 2025 சூலை 30-ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து ஏவப்பட்ட, இந்தியாவும் அமெரிக்காவும் கூடி அமைத்த நிசார் செயற்கைக்கோளின் தரவுகளும் உலகினர் அனைவர்க்கும் கட்டணமின்றி உரியன என்பது அத்திட்டத்தின் விதி. பழவேற்காட்டு மீனவர் தம் படகிலிருந்து காணும் ஏவுகலம் சுமந்து சென்ற கருவி, அவர்தம் ஏரியின் கரை மாற்றத்தையும் அளக்கும். அவ்வளவையை எந்நாட்டு மாணவரும் பெறலாம். பொதுப்பணத்தில் விளைந்தது பொதுவாதல் வேண்டும் என்னும் நெறி இங்கே செயல் வடிவில் உள்ளது.

6. பாடு என்னும் முறை

பொதுவான வளத்தை நேர்மையாகப் பகிர்தல் எவ்வாறு என்பதற்கு இலக்கணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஏரிக்கரை மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை வழங்குகின்றது. படு என்னும் முதனிலை திரிந்து பாடு எனத் தொழிற்பெயராயிற்று. மீன் அகப்படுதலை 'மீன்பாடு' என்பர். வலை விரிக்கும் இடத்திற்கும், அவ்விடத்தில் வலை விரித்தற்குரிய முறைக்கும் அச்சொல் ஆகிவந்தது.

இறால் மிகுதியும் அகப்படும் இடங்கள் முகத்துவாரத்தை அடுத்துச் சிலவே. அவற்றை யாவரும் விரும்புவர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய குப்பங்கள் அவ்விடங்களைத் தம்முள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. குப்பத்தினுள் உரிமை தலைக்கட்டு அடிப்படையில் அமையும். யார் எவ்விடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் துணிவர். நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறை வேறிடம் செல்வர். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் வலையிடங்களைச் சீட்டு முறையால் பகிரும் வழக்கம் உண்டு.

இம்முறையிலிருந்து இரு செய்திகளை அறிகின்றோம். யாவர்க்கும் திறந்தது என்று கூறிவிட்டு, வலிமையுடையார் முந்திக் கொள்ளுமாறு விடுதல் நேர்மையாகாது. முறை வேண்டும் என்பது ஒன்று. ஆய்வுத் தரவுகளைத் திறந்த அளவிலே அவற்றால் முதற்பயன் பெறுவார் கணினியும் ஆளும் பொருளும் மிக்க நிறுவனத்தாரே என்பதை நோக்க, இச்செய்தியின் அருமை புலனாகும். இரண்டாவது செய்தி கசப்பானது. பாட்டு உரிமை பட்டினவர் குலத்தார்க்கே மரபாக உரியது. அதே ஏரியை நம்பி வாழும் ஏனையோர், குறிப்பாக ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் இருளர் முதலிய பழங்குடியினரும், அதன் புறத்தே நின்றனர். இது குறித்துப் பிணக்குகள் எழுந்தமையை, 2008-இல் பழவேற்காடு பற்றிக் கட்டுரை வெளியிட்ட சாரா கூல்தர்டு முதலிய ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். உள்ளிருப்பார்க்குள் மிக நேர்மையான ஒரு முறை, புறத்தே நிற்பார்க்கு மூடிய கதவாக இருத்தல் கூடும். உறுப்பு நிறுவனங்களுக்குள் இதழ்களைச் சமமாகப் பகிரும் திட்டங்களையும் இவ்வளவுகோலாலேயே அளத்தல் வேண்டும். 'எவ்வாறு பகிர்கின்றீர்' என்னும் வினாவிற்கு முன்னர், 'யாரைத் தலைக்கட்டாக எண்ணுகின்றீர்' என்னும் வினா எழுதல் இன்றியமையாதது.

7. ஒரு தடையும் விடையும்

'எல்லா அறிவையும் எல்லார்க்கும் திறத்தல் தீங்கு பயவாதோ?' என வினவுவாருளர். இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. எப்பருவத்தில் எத்துறையில் இறால் திரளும் என்னும் மீனவர் அறிவைப் படமாக்கி உலகிற்கு வழங்கின், பெருவலையுடையார் முந்தி வருதல் கூடும். மஞ்சளின் மருத்துவப் பயனுக்கு அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமை 1997-இல் இந்திய முயற்சியால் நீக்கப்பட்டது. அதன் பின்னர், 2001-இல் மரபறிவு மின்நூலகம் தொடங்கப்பட்டுச் சித்த மருத்துவம் முதலியவற்றின் குறிப்புகள் அயன்மொழிகளில் தொகுக்கப்பட்டன. அந்நூலகம் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பயனை விரிவாக்க 2022-இல் இந்திய அமைச்சரவை இசைந்தது. திருடர்க்கு அஞ்சிக் கதவடைத்தால் வீட்டாரும் வெளியே நிற்க நேரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

எனவே பொதுவாதற்குரிய அறிவையும் காக்கப்படுதற்குரிய அறிவையும் பகுத்தல் வேண்டும். பொதுப்பணத்தில் விளைந்த ஆய்வும், காலங்கடந்த ஆவணமும் திறந்திருத்தல் முறை. மக்கள் நம்பிக் கூறிய வாழ்வறிவை வெளியிடுமுன் அவர்தம் இசைவு பெறுதலும், வெளியிட்டதை அவர் மொழியில் அவர்க்கே திருப்பித் தருதலும் முறை. யுனெசுகோவின் 2021-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் இவ்வேறுபாட்டை ஒப்புகின்றது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவு வெளியானபோது, அதனை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மொழி தெரியாதார்க்கு அறிவிப்பு அறிவிப்பாகாது என்னும் உண்மையே அவ்வாணையால் வலியுறுகின்றது. துறைமுகம், முகத்துவாரம், பறவைகள் காப்பிடம் ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளால் தம் வாழ்வே மாறக்கூடிய குப்பத்தார்க்கு இதனினும் நெருங்கிய செய்தி வேறில்லை.

8. தமிழாய்வுத் துறைகளின் கடன்

இனி நாம் செய்யத்தக்கன யாவை என்பதைச் சுருங்கக் கூறுவாம். 1931-இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வகுத்த சீர்காழி இரங்கநாதனார், சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் இருந்தவர். நூல் பயன்பாட்டிற்கே உரியது, ஒவ்வொரு படிப்பாளர்க்கும் உரிய நூல் சேரவேண்டும் என்னும் கருத்துகள் அவர் வகுத்தனவே. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவர் முயற்சியின் பயன். அறிவைப் பொதுவாக்கும் கொள்கைக்கு நாம் புதியவர் அல்லேம்.

முதற்கண், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிப்படி ஆய்வேடுகள் மின்வடிவில் சேர்க்கப்பட்டு, 'சோத்கங்கா'க் களஞ்சியத்தில் எவரும் படிக்குமாறு உள்ளன. ஆயினும் பழைய தமிழ் ஆய்வேடுகளுட் பல, ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களிலோ வெறும் ஒளிப்படங்களாகவோ இருத்தலின், சொல் தேடினால் அகப்படுவதில்லை. பார்வைக்குத் திறந்திருந்தும் தேடலுக்கு அவை அடைத்தே உள்ளன. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்ற பின்னரும் இக்குறை தீரவில்லை. அவற்றை மாற்றியமைத்தல் ஒவ்வொரு துறைக்கும் உரிய கடன்.

இரண்டாவதாக, ஒல்லாந்தம் கற்ற தமிழ் மாணவர் சிலரையேனும் நாம் உருவாக்குதல் வேண்டும். கல்வெட்டு வாசிப்பையும் சுவடி வாசிப்பையும் பாடமாக வைத்த நாம், சோழமண்டலக் கரையின் இருநூறு ஆண்டு வரலாறு பொதிந்த கையெழுத்தை வாசிக்கக் கற்பித்தல் தகும். கெல்திரியா மடல்களுள் தேர்ந்தவை தமிழில் வருமாயின், பதுமநாபன் திறந்த வாயில் உட்புறமாகவும் திறக்கும்.

மூன்றாவதாக, எத்துறை ஆய்வாயினும் அதன் முடிபுகளை இரண்டு பக்க அளவிலேனும் எளிய தமிழில் எழுதி, ஆய்வுக்கு இடம் தந்த ஊரின் நூலகத்தில் வைக்கும் வழக்கம் தோன்றுதல் வேண்டும். இதற்குச் சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

9. முடிவுரை

தொகுத்துக் கூறின், ஆய்வு வளம் பொதுவாதல் என்பது மூன்று கூறுடையது. கைக்குக் கிடைத்தல், கருத்திற்கு விளங்குதல், ஆக்கத்தில் பங்குறுதல் என்பன அவை. பழவேற்காட்டு வரலாற்றில் முதற்கூறு இந்நூற்றாண்டில் பெரும்பாலும் கைகூடியது. இரண்டாவது தொடங்கும் நிலையில் உள்ளது. மூன்றாவது, ஏரிக்கரைப் பிள்ளைகள் தம் ஊரின் ஏடுகளைத் தாமே படித்துத் தாமே எழுதும் நாளில் கைகூடும். அவருள்ளும் பாட்டு உரிமை பெற்ற குலத்தார் மட்டுமன்றி, அதன் புறத்தே நின்றாரும் எழுதுதல் வேண்டும். அந்நாளில் வரலாற்றின் உண்மையும் இன்றினும் நிறைவுறும் என்பது எம் துணிபு.

இவை யாம் கண்ட அளவில் கூறியன. அறிஞர் பெருமக்கள் ஆராய்ந்து, குறை காணின் திருத்தி, மேலும் செய்வன செய்வாராக.